ப்ளேன் ஏன் குப்புற விழுது? வீட்டில் செய்த ஃபோம் ஆர்.சி. விமானத்துக்கு ஒரு செக்கப்

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன மாசம் பேட்டரி பற்றிப் பேசினதுக்கு அப்புறம் நிறைய வாய்ஸ் நோட் வந்தது. அதுல ஒண்ணை இன்னைக்கு எடுத்துக்கலாம். கோட்டூர்புரத்துல இருந்து ஒரு காலேஜ் ஸ்டூடன்ட் அனுப்பியிருக்கார். ஃபோம் போர்டுல ஒரு ப்ளேன் செஞ்சிருக்கார். இறக்கை நுனிக்கு நுனி 1 மீட்டர், அகலம் 20 சென்டிமீட்டர், பேட்டரியோட சேர்த்து எடை 700 கிராம். மூணு தடவை விட்டுப் பார்த்திருக்கார், மூணு தடவையும் ஒரே கதை. கையிலிருந்து விட்டதும் மூக்கைத் தூக்குது, ஒரு நொடி அந்தரத்துல நிக்குது, இடது பக்கம் சாய்ஞ்சு தரையில குத்துது. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் "மோட்டார் பவர் பத்தலடா, பெருசா மாத்து"ன்னு சொல்றாங்களாம். கையில இருக்கிற காசு இன்னொரு மோட்டாருக்குத்தான் போதும். அதுவும் விழுந்தா இந்த செமஸ்டர்ல பறக்கிற கதை முடிஞ்சுது.

மோட்டார் வாங்காதீங்க. நீங்க சொன்ன மூணு அறிகுறியிலேயே பதில் இருக்கு. எப்படின்னு ஒவ்வொண்ணா பார்ப்போம். உங்க ப்ளேனுக்கு வேற சிக்கல் இருந்தாலும் இந்த வரிசை உதவும்.

முதல்ல, எங்க பறக்க விடறீங்க?

இதைச் சொல்லாம மேல போக முடியாது. 2021 ஆகஸ்ட்ல வந்த ட்ரோன் விதிகள் நாலு ரோட்டர் ட்ரோனுக்கு மட்டும்னு பல பேர் நினைக்கிறாங்க. ஆள் இல்லாம பறக்கிற எல்லாத்துக்கும் அது பொருந்தும், நம்ம ஃபோம் ப்ளேனும் அதுல அடக்கம். வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்புன்னு பிரிச்சிருக்காங்க. விமான நிலையத்தோட எல்லையில இருந்து 8 கிலோமீட்டருக்குள்ள பச்சை மண்டலமே கிடையாது. மீனம்பாக்கத்துல இருந்து காக்கா பறக்கிற கணக்குல கோட்டூர்புரம் அந்த 8 கிலோமீட்டருக்குள்ளதான் வருது. அதனால ஹவுசிங் போர்டு பக்கத்து கிரவுண்டு எவ்வளவு காலியா இருந்தாலும், அனுமதி வாங்காம அங்க மோட்டாரைப் போட்டுப் பறக்க விடக் கூடாது.

ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். பக்கம் போனா சரியாயிடும்னும் சொல்ல முடியாது. தாம்பரத்துல விமானப்படை நிலையம் இருக்கு, கல்பாக்கத்துல அணுமின் நிலையம் இருக்கு. டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல பார்த்து, பச்சையா இருக்கிற இடம், இடத்துக்காரரோட சம்மதம், ஆள் நடமாட்டம் இல்லாத வயல் அல்லது திடல், இது மூணும் சேர்ந்தா மட்டும் போங்க.

ஏன் இவ்வளவு கண்டிப்புன்னா, ஒரு சின்னக் கணக்கு. 700 கிராம் ப்ளேன் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல வந்தா, அதுல இருக்கிற ஆற்றல் 120 கிலோமீட்டர் வேகத்துல வர்ற கிரிக்கெட் பந்துக்குக் கொஞ்சம் மேல. முன்னாடி ப்ரொப்பெல்லர் வேற சுத்துது. "ஃபோம்தானே"ன்னு யாரும் சொல்லக் கூடாது.

நல்ல விஷயம் என்னன்னா, இன்னைக்கு நான் சொல்லப் போற சோதனைகள்ல முக்கால்வாசி வீட்டு மேஜையிலேயே முடிஞ்சிடும்.

ஷட்டில்காக் சொல்லித் தர்ற பாடம்

பாட்மின்டன் ஆடியிருப்பீங்க. ஷட்டில்காக்கை எப்படித் திருப்பி அடிச்சாலும் கார்க் பக்கம்தான் முன்னாடி வரும். காரணம் ரொம்ப எளிமை: எடை முன்னாடி கார்க்ல இருக்கு, காத்து பிடிக்கிற இறகு பின்னாடி இருக்கு. எப்பவாவது திசை மாறினா காத்தே அதை நேராக்கி விடும்.

ப்ளேனும் இதே மாதிரிதான். மொத்த எடையும் குவியற புள்ளி ஈர்ப்பு மையம், நாம சி.ஜி.ன்னு சொல்றது. இறக்கையும் வாலும் சேர்ந்து காத்தைப் பிடிக்கிறதுக்கும் ஒரு நடுப்புள்ளி இருக்கு, அதுக்கு நியூட்ரல் பாயின்ட்னு பேர். சி.ஜி. இதுக்கு முன்னாடி இருந்தா, மூக்கு கொஞ்சம் மேல போனாலும் ப்ளேன் தானா இறங்கி நேராகும். பின்னாடி போயிட்டா, மூக்கு கொஞ்சம் தூக்கினதும் இன்னும் தூக்கும், அதுக்கும் மேல தூக்கும். உங்க விரல் எவ்வளவு வேகமா இருந்தாலும் துரத்திப் பிடிக்க முடியாது.

இது புதுசா கண்டுபிடிச்ச விஷயம் இல்லை. 1804லேயே இங்கிலாந்துல ஜார்ஜ் கேலி கையால வீசற ஒரு சின்ன கிளைடர் செஞ்சார். அதுல சி.ஜி.யை மாத்தறதுக்காகவே நகர்த்தக்கூடிய ஒரு எடை இருந்தது. 1871ல அல்ஃபோன்ஸ் பெனோ பாரிஸ் தோட்டம் ஒண்ணுல ரப்பர் முறுக்கி ஓடற மாடலைப் பறக்க விட்டார். 11 நொடியில சுமார் 40 மீட்டர், யாரும் கட்டுப்படுத்தாமலே! பின்னாடி இருந்த வாலும், நுனி தூக்கின இறக்கையும் அதைத் தானாகவே நேரா வச்சுது. ரேடியோவும் கிடையாது, கைரோவும் கிடையாது. உங்க ப்ளேனும் முதல்ல அப்படித்தான் பறக்கணும்.

சி.ஜி.: விரல் நுனியில ஒரு சோதனை

பறக்கும்போது என்னென்ன உள்ள இருக்குமோ அத்தனையும் வைங்க. பேட்டரி இல்லாம அளக்கிற சி.ஜி.க்கு அர்த்தமே இல்லை. இறக்கையோட முன்விளிம்புல இருந்து பின்னாடி அளந்து, அகலத்துல 25 முதல் 30 சதவீதத்துல ரெண்டு பக்கமும் கோடு போடுங்க. நம்ம நண்பரோட 20 சென்டிமீட்டர் இறக்கைக்கு அது 5 முதல் 6 சென்டிமீட்டர். அந்தக் கோட்டுல விரல் நுனி வச்சுத் தூக்குங்க. ப்ளேன் மட்டமா நிக்கணும், இல்ல மூக்கு லேசா தாழணும். வால் தாழ்ந்தா அன்னைக்குப் பறக்க வேண்டாம்.

இந்தக் கணக்கு நேரான செவ்வக இறக்கைக்கு. வாலே இல்லாத ஃப்ளையிங் விங் செஞ்சிருந்தா சி.ஜி. இன்னும் முன்னாடி வரணும், சராசரி அகலத்துல 15 முதல் 20 சதவீதத்துல.

நண்பர்கிட்ட அளக்கச் சொன்னேன். 8 சென்டிமீட்டர்னு பதில் வந்தது, அதாவது 40 சதவீதம். வால் கனம். மூக்கு ஏன் தூக்கிச்சுங்கிற கேள்விக்கு இதுதான் பதில்.

இப்ப எப்படிச் சரி பண்றது? எல்லாரும் உடனே மூக்குல ஈயமோ காசோ ஒட்டுவாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. 700 கிராம் ப்ளேனோட சி.ஜி.யை 2.5 சென்டிமீட்டர் முன்னாடி கொண்டு வரணும்னா, பெருக்கினா 1750. மூக்கு 25 சென்டிமீட்டர் முன்னாடி இருந்தா 1750ஐ 25ஆல வகுங்க, 70 கிராம் ஒட்டணும். வேலை எதுவும் செய்யாத எடை அது, அதையும் இறக்கைதான் சுமக்கணும்.

உள்ள இருக்கிறதையே நகர்த்தலாம். அவரோட பேட்டரி 110 கிராம், இறக்கைக்கு அடியில இருக்கு. மூக்குப் பக்கம் 10 சென்டிமீட்டர் இடம் இருக்காம். 110 பெருக்கல் 10, 1100 கிடைச்சாச்சு. மீதி 650 வேணும். எலிவேட்டர், ரடர் ரெண்டுக்கும் சர்வோவை வால்லேயே ஒட்டியிருக்கார், ஒண்ணு 9 கிராம். ரெண்டையும் 40 சென்டிமீட்டர் முன்னாடி, இறக்கைக்கு அடியில கொண்டு வந்தா 18 பெருக்கல் 40, 720. மொத்தம் 1820. சி.ஜி. 2.6 சென்டிமீட்டர் நகர்ந்து 5.4க்கு வந்துடுச்சு. ஒரு கிராம் ஈயம் கூடத் தேவைப்படலை. நீளமான புஷ்ராடு கொஞ்சம் எடை சேர்க்கும், அதனால முடிச்சதும் மறுபடி அளக்கணும், அவ்வளவுதான்.

இதுல இருந்து ஒரு விதி எடுத்துக்கோங்க: வால்ல சேர்ற ஒவ்வொரு கிராமுக்கும் மூக்குல ரெண்டு கிராம் வரைக்கும் விலை கொடுக்கணும். வால்ல பெயின்ட், தடிமனான டேப், ரெண்டு அடுக்கு பசை எல்லாம் வேண்டாம்.

இடது பக்கம் ஏன் சாயுது?

இங்க ஒரு கேள்வியை முதல்ல கேட்டுடுங்க: த்ராட்டிலைக் குறைச்சா சாய்வு போகுதா, போகலையா?

போகுதுன்னா காரணம் மோட்டார். பின்னாடி இருந்து பார்க்கும்போது ப்ரொப்பெல்லர் கடிகார திசையில சுத்தினா, அதோட எதிர்விசை ப்ளேனை இடது பக்கம் புரட்டும். வேகம் குறைவா, த்ராட்டில் முழுசா இருக்கிற நேரத்துல இது ரொம்பத் தெரியும். கையிலிருந்து விடற நொடி அப்படிப்பட்ட நேரம். மோட்டாரை வலது பக்கம் 2 டிகிரி திருப்பி வைக்கிறது வழக்கமான தீர்வு. மோட்டார் மவுண்டோட இடது பக்க ஸ்க்ரூவுக்கு அடியில ஒரு வாஷர் போட்டாலே போதும். அதே மாதிரி, த்ராட்டில் கூட்டும்போது மட்டும் மூக்கு தூக்கினா மோட்டாரைக் கீழ்நோக்கி 2, 3 டிகிரி சாய்க்கணும். அதுக்கு மேல் பக்க ஸ்க்ரூவுக்கு வாஷர்.

மோட்டாரை நிறுத்தின பிறகும் சாயுதுன்னா காரணம் இறக்கை. ப்ளேனுக்குப் பின்னாடி நின்னு, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, ரெண்டு இறக்கையோட பின்விளிம்பையும் முன்விளிம்போட ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு பக்கம் முறுக்கிக்கிட்டு இருக்கும். நம்ம ஊர்ல இது சகஜம். மே மாசம் மூடின கார்ல பின் சீட்டுல வச்சுட்டுப் போனா ஃபோம் வளையும், ஹாட் க்ளூ இளகும். பீரோ மேல சாய்ச்சு வச்ச இறக்கையும் மெதுவா முறுக்கிக்கும். ஹேர் ட்ரையர்ல இதமா சூடு காட்டி, எதிர்த் திசையில முறுக்கிப் பிடிச்சு, ஆறும் வரைக்கும் விடாதீங்க. கையை ரொம்பக் கிட்ட கொண்டு போனா ஃபோம் சுருங்கிடும், ஜாக்கிரதை.

இன்னொரு சோதனை: ப்ரொப்பெல்லர் நடுவுலயும் வால் நுனியிலயும் ஒவ்வொரு விரல் வச்சுத் தூக்குங்க. ஒரு இறக்கை எப்பவும் தாழ்ந்தா அந்தப் பக்கம் எடை கூட. எதிர்ப் பக்க நுனியில ஒரு காசு ஒட்டினா சரியாகும்.

மெதுவாப் போனா ஒரு பக்கம் சரிஞ்சு விழறது

நண்பரோட ப்ளேன் நொடி நேரம் நின்ன மாதிரி தெரிஞ்சது ஸ்டால். ஸ்டால்னா இன்ஜின் நிக்கிறதுன்னு நினைச்சுக்காதீங்க. மூக்கு அளவுக்கு மேல தூக்கினதும் இறக்கைக்கு மேல ஓடற காத்து ஒட்டாம பிரிஞ்சு போயிடும், தூக்குவிசை சரியும். ரெண்டு நுனியும் ஒரே நேரத்துல ஸ்டால் ஆகாது. முன்னாடி ஆகிற பக்கம் சாய்ஞ்சு ப்ளேன் குத்தும். ஏற்கெனவே மோட்டார் இடது பக்கம் புரட்டுது, அதனால இடதுதான் முதல்ல போகும். அவரோட மூணு அறிகுறியும் ஒரே சங்கிலி: வால் கனம், மூக்கு தூக்கல், ஸ்டால், இடது சாய்வு. பெரிய மோட்டார் போட்டிருந்தா இன்னும் வேகமா மூக்கு தூக்கி, இன்னும் பலமா இடது பக்கம் புரண்டிருக்கும்.

எடையும் இதுல சேர்ந்துக்கும். அந்த அளவு இறக்கைக்கு 700 கிராம்ல ஸ்டால் வேகம் தோராயமா மணிக்கு 26 கிலோமீட்டர். அதையே 500 கிராம்ல செஞ்சா 22தான். 4 கிலோமீட்டர் பெருசாத் தெரியாது. ஆனா ஓடிவந்து கையால வீசறவருக்கு, ப்ளேன் பறக்குமா விழுமாங்கிறது அந்த இடைவெளியிலதான் முடிவாகும். புது ப்ளேன் செய்யும்போது தடிமனான சன்போர்டுக்குப் பதிலா பேப்பர் ஒட்டின லேசான ஃபோம் போர்டோ டெப்ரானோ பாருங்க. ஹாட் க்ளூவை மெல்லிசா இழுங்க, கட்டி கட்டியா வைக்காதீங்க.

வேற அறிகுறிகள்: சுருக்கமா

*கடல் அலை மாதிரி மேலயும் கீழயும் ஆடுது.* சி.ஜி. சரின்னா, எலிவேட்டர் ரொம்ப அசையுது. இந்த அளவு ப்ளேனுக்கு மேல 10 மில்லிமீட்டர், கீழ 10 மில்லிமீட்டர்ல ஆரம்பிங்க. ட்ரான்ஸ்மிட்டர்ல எக்ஸ்போ 30 சதவீதம் வைங்க, குச்சியோட நடுப்பகுதி சாதுவாகும்.

*வால் மீன் மாதிரி ஆடிக்கிட்டே போகுது.* செங்குத்து வால் சின்னதா இருக்கு, இல்ல இறக்கை நுனி அளவுக்கு மேல தூக்கியிருக்கு. ஒரு அட்டையை டேப்ல ஒட்டி வாலைப் பெருசாக்கிப் பாருங்க. ஆட்டம் நின்னா நிரந்தரமா மாத்துங்க.

*ஒரு பக்கம் திரும்பினா நேராகாம சுருண்டு இறங்குது.* இறக்கை நுனி போதுமான அளவு தூக்கலை. ஏலரான் இல்லாம ரடர் மட்டும் வச்ச ப்ளேனுக்கு ஒவ்வொரு பக்கமும் 5 டிகிரியாவது ஆங்கில வி எழுத்து மாதிரி தூக்கியிருக்கணும்.

*வேகம் எடுத்தா "ட்ர்ர்ர்"னு சத்தம்.* ஃப்ளட்டர். ஹிஞ்ச் தளர்ந்திருக்கு, இல்ல புஷ்ராடு வளையுது. அந்த நொடியே த்ராட்டிலைக் குறைங்க, இல்லைன்னா ஏலரான் பிய்ஞ்சு போயிடும். இறங்கினதும் ஹிஞ்சுக்குப் புது டேப், புஷ்ராடுக்கு மூங்கில் குச்சியோ கார்பன் குச்சியோ துணை.

*திடீர்னு ஒரு நொடி பைத்தியம் பிடிச்ச மாதிரி துள்ளுது.* இது பறக்கிற குணம் சம்பந்தப்பட்டதாவே இருக்காது. ரிசீவருக்குப் போற மின்சாரம் தடுமாறுது, இல்ல சிக்னல் விடுபடுது. இணைப்புகளை ஆட்டிப் பாருங்க. ட்ரான்ஸ்மிட்டரை அணைச்சா மோட்டார் தானா நிக்கணும், அந்த ஃபெயில்சேஃப் இல்லாம எந்த ப்ளேனும் தரையை விட்டுக் கிளம்பக் கூடாது. இந்தச் சோதனையை ப்ரொப்பெல்லரைக் கழட்டி வச்சுட்டுப் பண்ணுங்க.

இன்னொண்ணு, சிரிக்காதீங்க: குச்சியை வலது பக்கம் தள்ளினா வலது ஏலரான் மேல போகணும். குச்சியை உங்க பக்கம் இழுத்தா எலிவேட்டர் மேல வரணும். சர்வோவைக் கழட்டி மாட்டின நாள்லதான் இது தலைகீழாகும். ஒவ்வொரு தடவையும் பாருங்க.

கைரோ போட்டா போதாதா?

நிறைய பேர் கேக்கறீங்க. ரிட்சி ஸ்ட்ரீட்லயோ ஆன்லைன்லயோ சின்ன ஸ்டெபிலைசர் போர்டு கிடைக்குது. காத்து அடிக்கும்போது உதவும், உண்மைதான். ஆனா வால் கனமான ப்ளேன்ல அதைப் போட்டா, சிக்கலை மறைச்சு வைக்கும். வேகம் குறைஞ்சு சர்வோவோட பிடி விட்டுப் போற நேரத்துல மறைஞ்சது மொத்தமா வெளிய வரும். அது தரைக்குப் பக்கத்துல, இறங்கப் போகும்போது நடக்கும். கைரோவோட திசை தப்பா இருந்தா ப்ளேன் சாயச் சாய இன்னும் சாய்க்கும். முதல்ல கைரோ இல்லாம நேராப் பறக்க வைங்க, அப்புறம் போடுங்க.

பறக்கிற நாள்

சென்னையில காலை ஆறுல இருந்து எட்டு மணிக்குள்ள போயிடுங்க. வெயில் ஏறி, முற்பகல் தாண்டி கடல் காத்து உள்ள வர ஆரம்பிச்சா, ப்ளேன் ஆடறது உங்க தப்பா காத்தோட வேலையான்னு கண்டுபிடிக்க முடியாது.

மோட்டாரை ஓட்டாம, உயரமான புல் இருக்கிற இடத்துல, காத்துக்கு எதிரா, மூக்கு மட்டமா வச்சு, ஈட்டி மாதிரி நேரா தள்ளி விடுங்க. மேல்நோக்கி வீசாதீங்க. நேரா இறங்கிப் போய் புல்லுல படுத்தா நல்லது. மூக்கு தூக்கி நின்னு விழுந்தா பேட்டரியை இன்னும் முன்னாடி. கல்லு மாதிரி குத்தினா கொஞ்சம் பின்னாடி. மூணு தடவை ஒரே மாதிரி இறங்கின பிறகு மோட்டார்.

மோட்டார்ல பறந்து, நல்ல உயரத்துல நேரா வச்ச பிறகு இன்னொரு சோதனை: மூக்கை 30 டிகிரி தாழ்த்தி, த்ராட்டில் குறைச்சு, குச்சியை விட்டுடுங்க. மெதுவா தானா நிமிர்ந்தா சி.ஜி. அருமை. வெடுக்குன்னு நிமிர்ந்தா மூக்கு கனம். இன்னும் செங்குத்தா இறங்கினா வால் கனம், உடனே எலிவேட்டரை இழுத்துக் காப்பாத்துங்க.

ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. சி.ஜி.யையும் மோட்டார் கோணத்தையும் ஒண்ணா மாத்தினா, எது சரி பண்ணிச்சுன்னு உங்களுக்கே தெரியாது. ஒரு சின்ன நோட்டுல தேதி, சி.ஜி. எத்தனை சென்டிமீட்டர், என்ன மாத்தினீங்க, என்ன ஆச்சுன்னு எழுதுங்க. ஃப்ரெண்டை விட்டு போன்ல ஸ்லோ மோஷன் எடுக்கச் சொல்லுங்க. கண்ணுக்கு "திடீர்னு விழுந்துடுச்சு"ன்னு தெரியறது வீடியோவுல நாலு கட்டமாத் தெரியும்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலயும், அடையாறு பக்கத்து ஐ.ஐ.டி.யிலயும் விமானவியல் படிக்கிறவங்க முதல் வருஷங்கள்ல கத்துக்கிறதும் இதே கணக்குதான், குறியீடு மட்டும் கூடுதல். வீட்டுக்குப் பக்கத்துல அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கு, ஒரு மழை நாள்ல ஏரோடைனமிக்ஸ் அலமாரிப் பக்கம் போய் உட்காருங்க. விரல் நுனியில தூக்கிப் பார்த்த ப்ளேன் அந்தப் பக்கங்கள்ல படமா வரும்போது சமன்பாடு பயமுறுத்தாது.

உங்க ப்ளேன் வேற மாதிரி ஆடுதுன்னா வீடியோ அனுப்புங்க. அதோட நாலு எண் கட்டாயம் வேணும்: இறக்கை நீளம், அகலம், பேட்டரியோட மொத்த எடை, முன்விளிம்புல இருந்து சி.ஜி. எத்தனை சென்டிமீட்டர். இந்த நாலையும் அளந்து எழுதும்போதே பாதிப் பேருக்கு பதில் தெரிஞ்சுடும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.